முதல் செட் யாருக்கு? கணிக்க எந்த வழியை நம்பலாம்

2021 அமெரிக்க ஓபன் டென்னிஸில் ஜோகோவிச் மூன்றாவது சுற்றிலிருந்து இறுதிப்போட்டி வரை வரிசையாக ஐந்து ஆட்டங்களில் முதல் செட்டைக் கோட்டைவிட்டார். நிஷிகோரியிடம் 6-7, புரூக்ஸ்பியிடம் 1-6, பெரெட்டினியிடம் 5-7, ஸ்வெரெவிடம் 4-6, கடைசியில் மெத்வதேவிடம் 4-6. இதில் முதல் நான்கு ஆட்டங்களை அவர்தான் ஜெயித்தார். ஒவ்வொரு நாளும் "ஜோகோவிச்" என்று எழுதி வைத்தவருக்கு ஆட்டத்தின் முடிவு ஐந்தில் நான்கு சரி, முதல் செட் ஐந்தும் தப்பு. ஒரே ஆள், ஒரே தொடர், ஒரே பதில், ஆனால் கேள்வி மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது.

முதல் செட்டைக் கணிக்க உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்கிற தப்பு இதுதான். ஆட்டத்தை யார் ஜெயிப்பார் என்று யோசித்து, அதே பெயரை முதல் செட்டுக்கும் எழுதிவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு வழியாக எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததில் சில வழிகள் மேல் நம்பிக்கை கூடியது, சிலவற்றின் மேல் சுத்தமாகப் போய்விட்டது. ரேங்கிங், ஈலோ (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ஓர் எண்), சர்வ்-ரிட்டர்ன் எண்கள், நேருக்கு நேர் கணக்கு, சமீபத்திய ஃபார்ம், பந்தயச் சந்தையின் விலை என்று கையில் இருப்பவை ஆறேழுதான். எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இது புரியாமல் எந்த வழியை எடுத்தாலும் பயனில்லை. ஒருவர் ஒவ்வொரு செட்டையும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று செட் ஆட்டத்தில் (இரண்டு செட் எடுப்பவருக்கு வெற்றி) அவர் ஜெயிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 65 சதவீதம், ஐந்து செட் ஆட்டத்தில் (மூன்று எடுக்க வேண்டும்) 68 சதவீதம். செட்டுக்கு 70 சதவீதம் என்றால் அது முறையே 78, 84 ஆகிறது. ஆட்டம் நீள நீள வலுவானவருக்குச் சாதகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கிராண்ட்ஸ்லாமில் (வருடத்தின் நான்கு பெரிய தொடர்கள்) ஐந்து செட் ஆடுகிற ஆண்கள் ஆட்டத்துக்கு "இவருக்கு 80 சதவீதம்" என்று எல்லோரும் சொன்னால், முதல் செட்டில் அவருக்கு இருப்பது 67 அல்லது 68தான். அதாவது மூன்றில் ஒரு தடவை அந்தப் பெரிய ஃபேவரிட் முதல் செட்டை இழப்பார், அதில் அதிர்ச்சியடைய எதுவுமே இல்லை. மூன்று செட் ஆட்டத்தில் அதே 80 என்றால் முதல் செட்டுக்கு 71. எல்லா செட்டும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கு இது, நிஜத்தில் அப்படி இருப்பதில்லை, ஆனால் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

ரேங்கிங்தான் எல்லோர் கையிலும் முதலில் கிடைப்பது, அதனாலேயே அதிகம் பேர் ஏமாறுவதும் அதில்தான். ரேங்கிங் என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2000, மாஸ்டர்ஸ் ஜெயித்தால் 1000 என்று போகும். அந்தப் புள்ளிகள் களிமண்ணில் வந்தனவா புல்தரையில் வந்தனவா என்று அது சொல்லாது. பத்து மாதம் முன்னால் ஒரே ஒரு நல்ல வாரத்தில் சேர்த்ததா, போன மாதம் சேர்த்ததா என்றும் சொல்லாது. காயத்தால் எட்டு மாதம் ஆடாதவர் எண்பதாவது இடத்தில் இருப்பார், அவர் எண்பதாவது இடத்து ஆட்டக்காரர் கிடையாது. 2021 அமெரிக்க ஓபனையே மறுபடியும் எடுத்துக்கொள்வோம், பெண்கள் பக்கம். எம்மா ராடுகானு உலகத் தரவரிசையில் 150வது இடம், தகுதிச் சுற்று வழியாக வந்தவர். தகுதிச் சுற்றில் மூன்று, பிரதானச் சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டம், இருபது செட், ஒன்றைக்கூட விடவில்லை. ரேங்கிங்கை மட்டும் பார்த்து எழுதினவர் பிரதானச் சுற்று முழுக்க முதல் செட்டைத் தப்பாகவே எழுதியிருப்பார். அதே தொடரில் 73வது இடத்திலிருந்து இறுதிவரை வந்த லேலா ஃபெர்னாண்டஸ், ஒசாகாவிடமும் கெர்பரிடமும் முதல் செட்டை இழந்துவிட்டுத்தான் ஜெயித்தார். அங்கே ரேங்கிங் ஆட்டத்தில் தோற்று, முதல் செட்டில் ஜெயித்தது! விதிவிலக்கான தொடர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் பத்துப் பேருக்கும் நூறுக்கு வெளியே இருப்பவருக்கும் நடக்கிற ஆட்டம் தவிர, ரேங்கிங்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. இருபதாவது இடத்துக்கும் நாற்பத்தைந்தாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் வெறும் அட்டவணை வித்தியாசம்.

ஈலோ அதைவிட எவ்வளவோ மேல். சதுரங்கத்துக்காக அர்பாத் ஈலோ உருவாக்கிய முறை இது, டென்னிஸுக்கும் அப்படியே பொருந்துகிறது. யாரைத் தோற்கடித்தீர்கள் என்பதுதான் இதில் கணக்கு, எந்தச் சுற்றில் தோற்கடித்தீர்கள் என்பது கிடையாது. முதல் சுற்றிலேயே ஒரு பெரிய ஆளைச் சாய்த்தால் ரேங்கிங் சில்லறைப் புள்ளிதான் தரும், ஈலோ நன்றாக ஏறும். அதோடு, இரண்டு பேருடைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் நேராகச் சதவீதமாக மாறுகிறது. 100 புள்ளி கூடுதல் என்றால் ஆட்டம் ஜெயிக்க 64 சதவீதம், 200 என்றால் 76. இதை மேலே சொன்ன கணக்கில் போட்டுச் செட்டுக்கு இறக்கினால், மூன்று செட் ஆட்டத்தில் 64 என்பது 59-60 ஆகும், 76 என்பது 68 ஆகும். ஐந்து செட்டில் அதே 76, செட்டுக்கு 65தான். தரைவாரியாகப் போடப்பட்ட ஈலோ கிடைத்தால் அதையே எடுங்கள். மொத்த ஈலோவைப் பார்த்துவிட்டுப் புல்தரை ஆட்டத்தைக் கணிப்பது, களிமண்ணிலேயே வளர்ந்த ஒருவருக்கு இல்லாத பலத்தைக் கொடுப்பது மாதிரி. ஆனால் புல்தரை சீசன் சில வாரங்கள்தான், அதில் ஒருவர் ஆடுவது ஐந்தாறு ஆட்டமாகக்கூட இருக்கலாம், அதனால் புல்தரை ஈலோவை மட்டும் தனியாக நம்புவதும் ஆபத்து. இரண்டையும் பாதிப் பாதி கலந்து பார்ப்பதுதான் என் வழக்கம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சர்வ்-ரிட்டர்ன் எண்கள். வேலை அதிகம், ஆனால் ஒரு செட் எப்படி நடக்கப்போகிறது என்பதை உள்ளே புகுந்து காட்டுவது இது ஒன்றுதான். ஒவ்வொருவரும் தன் சர்வில் எத்தனை சதவீதப் புள்ளிகளை ஜெயிக்கிறார், எதிராளியின் சர்வில் எத்தனை எடுக்கிறார் என்று அந்தத் தரைக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் உதாரணம், எண்கள் நானாகப் போட்டவை. அ என்பவர் சர்வில் 66, ரிட்டர்னில் 40. ஆ என்பவர் சர்வில் 63, ரிட்டர்னில் 38. பொதுவாக ரிட்டர்ன் சராசரி 36 என்று வைத்துக்கொண்டால், 'ஆ'வின் ரிட்டர்ன் சராசரியைவிட 2 கூடுதல், அதனால் 'அ'வின் சர்வ் இந்த ஆட்டத்தில் 66லிருந்து 64 ஆகும். 'அ'வின் ரிட்டர்ன் 4 கூடுதல், அதனால் 'ஆ'வின் சர்வ் 63லிருந்து 59க்கு இறங்கும். இப்போது புள்ளியிலிருந்து கேமுக்குப் போகலாம் (செட் என்பது கேம்களால் ஆனது, ஒவ்வொரு கேமிலும் ஒருவரே சர்வ் செய்வார்). சர்வில் 64 சதவீதப் புள்ளி எடுப்பவர் நூற்றுக்கு 81 சர்வ் கேம்களைத் தக்கவைப்பார், 59 எடுப்பவர் 71தான். வெறும் ஐந்து புள்ளி வித்தியாசம் கேமில் பத்தாகிவிட்டது. செட் என்று வரும்போது 'அ'வுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு.

இந்த எண்களை எடுக்கும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை. சின்னத் தொடர்களில் சின்ன ஆட்டக்காரர்களோடு ஆடிச் சேர்த்த 66ம், பெரிய தொடர்களில் சேர்த்த 66ம் ஒன்றில்லை. எதிராளிகள் யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. ஈலோ இந்த வேலையைத் தானாகச் செய்துவிடுகிறது, இந்த எண்கள் செய்வதில்லை. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வழி இன்னொன்றையும் காட்டும், அது வேறு எதிலும் தெரியாது: செட் 6-6 ஆகி டை-பிரேக் என்ற தீர்மான கேமுக்குப் போகுமா என்பது. இரண்டு பேரும் நூற்றுக்கு 90 சர்வ் கேம்களைத் தக்கவைப்பவர்கள் என்றால், பன்னிரண்டு கேமும் ஒரு பிரேக்கூட (எதிராளியின் சர்வ் கேமை ஜெயிப்பது) இல்லாமல் 6-6 வர 28 சதவீத வாய்ப்பு. இருவரும் 80 என்றால் அது 7 சதவீதம். 65 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆண்கள் ஆட்டத்தில் 80 என்பது சாதாரணம், நல்ல சர்வர்கள் 90ஐத் தொடுவார்கள். பெண்கள் ஆட்டத்தில் பொதுவாக மூன்றில் இரண்டு கேமை ஒட்டித்தான் இருக்கும். டை-பிரேக் வந்துவிட்டால் வித்தியாசம் எல்லாம் சுருங்கிப்போகும், பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் முடிகிற விஷயம் அது. ஆகவே இரண்டு பெரிய சர்வர்கள் மோதினால் ஃபேவரிட்டுக்கு 62 என்று கணக்கு சொன்னாலும் நான் 57க்கு மேல் எழுத மாட்டேன். எதிராளியின் சர்வைப் பிடித்து உலுக்குகிற ரிட்டர்ன் ஆட்டக்காரர் ஃபேவரிட் என்றால் குறைக்க மாட்டேன். பெண்கள் ஆட்டத்தில் ஸ்வியாடெக் மாதிரி ஒருவர் முதல் செட்டில் 6-0, 6-1 என்று போவதற்குக் காரணம் அவருடைய ரிட்டர்ன்தான்.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு கணக்குக்குப் பிறகும் புள்ளிகள் செட்டாக மாறும்போது நிறையச் சிந்தும். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, ஜோகோவிச் 204. ஜெயித்தது ஜோகோவிச். முதல் செட் உட்பட அவர் எடுத்த மூன்று செட்டும் டை-பிரேக்கில் எடுத்தவை.

நேருக்கு நேர் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு மூன்று ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். நிறைய ஆடியிருந்தாலும் தரை பிரித்துத்தான் பார்க்க வேண்டும்: நடால்-ஃபெடரர் மொத்தம் 24-16, களிமண்ணில் மட்டும் 14-2, விம்பிள்டனிலோ ஃபெடரர் 3-1. களிமண்ணை எடுத்துவிட்டால் நடால் முன்னால் இருப்பதே இல்லை, ஃபெடரர் 14-10 என்று முன்னால் வந்துவிடுகிறார். இதில் முதல் செட்டுக்கு உதவுகிற தகவல் இன்னும் குறைவு. 2006 பிரெஞ்சு ஓபன் இறுதியில் நடால் முதல் செட்டை 1-6 என்று இழந்தார், அடுத்த மூன்றையும் எடுத்துக் கோப்பையை வாங்கினார். பிரெஞ்சு ஓபனில் வாழ்நாள் முழுக்க 112 வெற்றி, 4 தோல்வி என்று வைத்திருக்கிறவருக்கே முதல் செட் தனிக் கதைதான். 2005 இறுதியில் புவெர்டாவிடமும் 2014 இறுதியில் ஜோகோவிச்சிடமும் அவர் முதல் செட்டை இழந்திருக்கிறார். ஒரு விதத்தில் மட்டும் இந்தக் கணக்கு பயன்படும், அது ஆட்டப் பாணி. இடது கையால் வீசும் சர்வ் ஒருவரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, அவருக்கு அது ஒத்துவரவே இல்லை என்று பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அது தகவல். "4-1 முன்னிலை" என்பது மட்டும் தகவல் இல்லை.

அடுத்தது சமீபத்திய ஃபார்ம். கடைசி ஐந்து ஆட்டம் ஜெயித்திருக்கிறார், சூடாக இருக்கிறார் என்பார்கள். யாரை ஜெயித்தார் என்று கேட்டால் பதில் வராது. நல்ல ஈலோ என்றால் சமீபத்து வெற்றிகள் ஏற்கெனவே அதற்குள் இருக்கும், திரும்பவும் ஃபார்ம் என்று தனியாகக் கூட்டினால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணுகிறோம். ஆனால் ஃபார்ம் என்ற பெயரில் உருப்படியான ஒன்று மறைந்திருக்கிறது, அது தொடக்கம். முதல் செட்டைப் பொறுத்தவரை என்னுடைய பெரிய அக்கறையே அதுதான்.

ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப் சில நிமிடம்தான். அதற்குள் காற்று, வெளிச்சம், பந்தின் வேகம், எதிராளியின் பந்து எப்படி எழும்புகிறது என்பதெல்லாம் முழுதாகப் பிடிபடாது. ஏற்கெனவே அதே மைதானத்தில் மூன்று தகுதிச் சுற்று ஆட்டம் ஆடிவிட்டு வருகிறவருக்கு அது பழகிவிட்டது. முதல் சுற்றில் பை வாங்கிக்கொண்டு (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது), போன வாரம் வேறு தரையில் ஆடிவிட்டு, இன்றுதான் முதல் ஆட்டத்துக்கு இறங்குகிற பெரிய ஆளுக்கு அது புதிது. மூன்று மணி நேரத்தில் பெரிய ஆள்தான் ஜெயிப்பார், முதல் முப்பது நாற்பது நிமிடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இந்த நிலைமையில் ஃபேவரிட்டின் முதல் செட் வாய்ப்பில் மூன்று நான்கு சதவீதம் குறைத்துக்கொள்கிறேன். இது என் கைப்பழக்கம், சூத்திரம் எதுவும் கிடையாது. தகுதிச் சுற்றுக்காரர் முந்தின நாள்தான் மூன்று மணி நேரம் ஆடி முடித்தார் என்றால் குறைக்காமல் விட்டுவிடுவேன், உடம்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஐந்து செட் ஆட்டத்தில் இது இன்னும் அதிகம். அங்கே முதல் செட்டை இழப்பது பெரிய இழப்பே இல்லை. இரண்டு பேரும் சரிசமம் என்றாலே, முதல் செட் போனவருக்கு மூன்று செட் ஆட்டத்தில் 25 சதவீதம் மிச்சம் இருக்கும், ஐந்து செட்டில் 31 மிச்சம். வலுவானவருக்கு அதைவிட அதிகம். அது தெரிந்த அனுபவசாலிகள் முதல் செட்டில் எதிராளியைப் படிக்கிறார்கள், அவசரப்படுவதில்லை. கிராண்ட்ஸ்லாம் இறுதிகளைப் பாருங்கள்: 2022 ஆஸ்திரேலிய ஓபனில் மெத்வதேவ் முதல் செட்டை 6-2 எடுத்தார், நடால் ஜெயித்தார். அதே வருடம் விம்பிள்டனில் கிரியோஸ் 6-4 எடுத்தார், ஜோகோவிச் ஜெயித்தார். 2023 விம்பிள்டனில் ஜோகோவிச் 6-1 எடுத்தார், அல்கராஸ் ஜெயித்தார். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் மெத்வதேவ் 6-3, ஜெயித்தது சின்னர். 2025 பிரெஞ்சு ஓபனில் சின்னர் 6-4, ஜெயித்தது அல்கராஸ். அடுத்த மாதமே விம்பிள்டனில் அல்கராஸ் 6-4, ஜெயித்தது சின்னர். நானாகப் பொறுக்கி எடுத்த பட்டியல்தான், முதல் செட்டை எடுத்தவரே ஜெயித்த இறுதிகளும் நிறைய உண்டு. ஆனால் கோப்பை யாருக்கு என்ற விடையை முதல் செட்டுக்கும் எழுதினவர் இந்த ஆறிலும் தப்பாகியிருப்பார்.

டாஸைப் பற்றியும் கேட்கிறார்கள். முதலில் சர்வ் செய்பவருக்குச் சாதகமா? 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டன் ஆட்டங்களை வைத்து கிளாசன், மாக்னஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பார்த்தார்கள். பொதுவாக ஒரு செட்டில் முதலில் சர்வ் செய்வதால் பெரிய சாதகம் இல்லை, முதல் செட்டில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, ஏனென்றால் ஆட்டத்தின் முதல் கேமில் பிரேக் ஆவது குறைவு என்பது அவர்கள் முடிவு. காரணம் யோசித்தால் புரிகிறது, ரிட்டர்ன் செய்பவருக்குக் கை இன்னும் கூடவில்லை, பந்தும் புதிது. (அந்தப் பந்துகள் முதல் ஏழு கேமுக்குப் பிறகு மாறும், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவை. வார்ம்-அப்பையும் சேர்த்து எண்ணுவதால்தான் முதலில் ஏழு.) டாஸ் முடிந்த பிறகும் மாற்றி எழுத வாய்ப்பிருந்தால் முதலில் சர்வ் செய்பவருக்கு ஒரு சதவீதம் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாகப் பந்தயச் சந்தையின் விலை. நான் பணம் கட்டுவதில்லை, கட்டச் சொல்லவும் மாட்டேன், ஆனால் தகவலாகப் பார்த்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பலர் அலசிவிட்டு வந்து நிற்கிற எண் அது. காயச் செய்தி, பயிற்சியில் தெரிந்த தடுமாற்றம் எல்லாம் அதற்குள் சீக்கிரம் வந்துவிடும். படிக்கத் தெரிந்திருந்தால் போதும். விலை என்பது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தவருக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை. முதல் செட்டுக்கு இருவருக்கும் முறையே 1.40, 3.00 என்று விலை இருந்தால் 1ஐ அவற்றால் வகுக்க 71.4, 33.3 வரும். கூட்டினால் 104.7. அந்த 4.7 கடைக்காரரின் பங்கு. அதை நீக்க 71.4ஐ 104.7ஆல் வகுத்தால் 68 சதவீதம், அதுதான் நிஜமான மதிப்பீடு. நேரமே இல்லை, ஒரே ஒரு எண்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆனால் இதைப் பார்த்து எழுதுவதில் நாம் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. எனக்கு டென்னிஸைக் கணிக்கப் பிடிப்பதே ஆட்டத்தைக் கூடுதலாகப் புரிந்துகொள்ளத்தான். அதனால் முதலில் என் எண்ணை எழுதிவிட்டு, அப்புறம்தான் சந்தை விலையைத் திறந்து பார்க்கிறேன். இரண்டுக்கும் பத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எனக்குத் தெரியாத ஏதோ செய்தி இருக்கிறது என்று தேடிப் பார்ப்பேன், பெரும்பாலும் இருக்கும்.

ஆக என் தேர்வு இப்படி. தரை கலந்த ஈலோவில் தொடங்கி, ஆட்டத்தின் சதவீதத்தைச் செட்டின் சதவீதமாக இறக்கி, சர்வ்-ரிட்டர்ன் எண்களை வைத்து மூன்று நான்கு சதவீதம் மேலோ கீழோ நகர்த்தி, தொடக்கச் சூழலுக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்துவது. ஹார்ட் கோர்ட்டில் மூன்று செட் ஆட்டம் ஒன்று, ஈலோவில் ஃபேவரிட் 100 புள்ளி முன்னால் இருக்கிறார் என்றால் 64, செட்டுக்கு இறக்கினால் 60. அவர் போன வாரம் களிமண்ணில் இறுதிவரை ஆடிவிட்டு வந்திருக்கிறார், எதிராளி தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் இங்கேயே ஆடியிருக்கிறார், அதனால் 57. இருவரும் நல்ல சர்வர்கள் என்றால் 55. அவ்வளவுதான், 55 என்று எழுதிவிட்டு ஆட்டத்தைப் பார்க்க உட்காருவேன்.

55 என்று எழுதினால் அது ஒரு கணிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பெயரை மட்டும் எழுதுகிறவர்கள் சரி, தப்பு என்று இரண்டாகத்தான் எண்ண முடியும், அதில் எந்த வழி நல்ல வழி என்று தெரிய ரொம்ப நாளாகும். சதவீதமாக எழுதினால் வானிலைக்காரர்கள் வைத்திருக்கிற ஓர் அளவுகோலைப் பயன்படுத்தலாம், 1950இல் கிளென் பிரையர் சொன்னது. நீங்கள் எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வர்க்கப்படுத்துங்கள். 0.7 என்று எழுதி அவர் செட்டை எடுத்தால் 0.09, இழந்தால் 0.49. குறைவாக இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் 0.5 என்று எழுதுகிறவருக்கு எப்போதும் 0.25தான் வரும். ஒரு நோட்டில் ரேங்கிங்குக்கு ஒரு பத்தி, ஈலோவுக்கு ஒன்று, சொந்தக் கணிப்புக்கு ஒன்று, சந்தை விலைக்கு ஒன்று என்று போட்டு ஒரு சீசன் முழுக்க எழுதுங்கள், ஐந்து செட் ஆட்டங்களைத் தனிப் பக்கத்தில். முதல் இரண்டு வாரத்தில் ரேங்கிங் பத்திகூட நன்றாகத் தெரியலாம், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இருநூறு முந்நூறு செட் தாண்டும்போது எந்தப் பத்தியின் சராசரி 0.25க்கு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.